பிராசஸர் சூடு: திரையில் தெரியும் எண்ணை நம்பிச் செலவு செய்யலாமா?

சித்திரை, வைகாசி வந்துவிட்டால் பாளையங்கோட்டையில் எங்கள் சர்வீஸ் மேசைக்கு இரண்டு விதமான கம்ப்யூட்டர்கள் வரும். சூடு அதிகமாகக் காட்டுகிறது என்று பயந்து கொண்டுவருவது ஒன்று. சூடே காட்டவில்லை, ஆனாலும் இழுக்கிறது என்று கொண்டுவருவது இன்னொன்று. இந்த இரண்டாவது ரகத்தில்தான் காசு அதிகம் வீணாகிறது.

அம்பாசமுத்திரம் பக்கம் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஒரு தம்பி, முகூர்த்த நாட்கள் நெருக்கும் நேரத்தில் ஏஎம்டி நிறுவனத்தின் எஃப்எக்ஸ் 6300 பிராசஸர் போட்ட தன் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். எடிட் செய்த கல்யாண வீடியோவை முழுப் படமாக்க ரெண்டர் போட்டால் நகரவே மாட்டேன் என்கிறதாம். “அண்ணாச்சி, சூடு 18 டிகிரிதான் காட்டுது. கூலர் நல்லாத்தான் இருக்கு. எஃப்எக்ஸ் 8350 பழசு ஒண்ணு கிடைக்கு, மாத்திட்டா ஓடிருமுல்லா?”

அப்போது கடைக்குள்ளேயே 34 டிகிரி. ஹீட்சிங்க்கும் (சூட்டை உறிஞ்சி வெளியேற்றும் உலோகத் தகடு) ஃபேனும் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் பிராசஸரை அறையின் சூட்டுக்குக் கீழே கொண்டுபோக முடியாது. ஏசி இல்லாத அறையில், மே மாதத்தில் 18 டிகிரி என்பது குற்றாலத் தண்ணீருக்குப் பொருந்தலாம், பிராசஸருக்குப் பொருந்தாது. ஆனால் சென்சார் கெட்டுப்போகவில்லை. அந்தத் தலைமுறை ஏஎம்டி சில்லுகள் ஃபேன் வேகத்தையும் பாதுகாப்பு எல்லையையும் கவனிக்கத்தான் அந்த எண்ணைத் தருகின்றன. எல்லையை நெருங்கும்போது அதை ஓரளவு நம்பலாம். சும்மா இருக்கும்போது அதற்கு அர்த்தமே இல்லை.

எண்ணை விட்டுவிட்டு, ரெண்டரை ஓடவிட்டுப் பிராசஸரின் வேகத்தைப் பார்த்தேன். 3.5 கிகாஹெர்ட்ஸில் இருக்க வேண்டியது, கொஞ்ச நேரத்தில் 1.4-க்கு விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்தது. பிராசஸருக்குப் பக்கத்தில், அதற்கு மின்சாரம் கொடுக்கும் சின்னச் சின்னக் கறுப்புச் சில்லுகள்மேல் ஹீட்சிங்க் எதுவும் இல்லை. விலை குறைந்த மதர்போர்டு. கையை அருகே கொண்டுபோனாலே அனல் அடித்தது. ஒரு டேபிள் ஃபேனை அந்த இடத்துக்கு நேராகத் திருப்பி வைத்தோம். வேகம் விழுவது நின்றது. அந்தச் சில்லுகள் சூடாகித்தான் பிராசஸரின் வேகத்தை இழுத்துப் பிடித்திருக்கின்றன.

6300 என்பது 95 வாட் பிராசஸர், 8350 என்பது 125 வாட். இருக்கிற சுமையையே தாங்காத போர்டில் அதை மாட்டியிருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும்.

இப்படிக் கண்ணைக் கட்டும் எண்கள் நிறைய உண்டு. இன்டெல் சில்லுக்குள் இருக்கும் சென்சார், உச்ச எல்லைக்கு இன்னும் எத்தனை டிகிரி பாக்கி என்பதைத்தான் சொல்லும். எல்லையிலிருந்து அதைக் கழித்து நமக்குக் காட்டுவது சாஃப்ட்வேர். கோர் 2 டுவோ காலத்தில் அந்த எல்லை 85-ஆ 100-ஆ என்று சாஃப்ட்வேர்கள் ஆளுக்கொன்றாக ஊகித்ததால், ஒரே கம்ப்யூட்டர் ஒரு சாஃப்ட்வேரில் 45, இன்னொன்றில் 60 காட்டும். ஏஎம்டியின் ரைசன் 7 1700எக்ஸ், 1800எக்ஸ் பிராசஸர்கள் இரண்டும் வேண்டுமென்றே 20 டிகிரி கூட்டிச் சொல்லும், 2700எக்ஸ் 10 டிகிரி. மதர்போர்டில் எதுவும் இணைக்காமல் சும்மா கிடக்கும் சென்சார் பின் 127 டிகிரி என்று காட்டுவதும் சகஜம். அதைப் பார்த்துப் பதறிப்போய் ராத்திரி போன் செய்தவர்களும் இருக்கிறார்கள்.

விண்டோஸ் ஏறுவதற்கு முன் வரும் பயாஸ் திரையில் தெரியும் எண்ணும் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும், அங்கே பிராசஸர் முழுதாக ஓய்வெடுப்பதில்லை. ஆகவே சும்மா கிடக்கும்போது என்ன சூடு என்பதை விடுங்கள். உங்கள் வழக்கமான வேலையை அரை மணி நேரம் ஓடவிட்டு, வேகம் விழுகிறதா என்று மட்டும் பாருங்கள். விழாவிட்டால் சூட்டுக்காக எதையும் மாற்ற வேண்டியதில்லை. விழுந்தால் முதலில் தூசி, அப்புறம் பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவே பூசிய, காய்ந்துபோன பேஸ்ட், அப்புறம் நாலு காலில் ஒன்று சரியாக அமராத கூலர். இவற்றைப் பார்க்காமல் புதுசு வாங்கப் போகாதீர்கள்.

அந்தத் தம்பிக்கு எப்படியும் மாற்ற வேண்டிய காலம்தான். எஃப்எக்ஸ் பிராசஸருக்கு விண்டோஸ் 11 ஆதரவு கிடையாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அவரிடம் இருக்கும் பழைய டிடிஆர் 3 ரக ராமும் (மெமரி) புதுப் போர்டில் ஏறாது. எனவே பிராசஸர், போர்டு, ராம் மூன்றையும் சேர்த்தே மாற்றச் சொன்னேன். எஸ்எஸ்டி, கிராபிக்ஸ் கார்டு, மானிட்டர் அப்படியே இருக்கட்டும்.

வாங்கும்போது இரண்டு விஷயம். வெளிநாட்டு விமர்சனங்களில் கூலரைப் பெரும்பாலும் 20 டிகிரிக்குச் சற்று மேலே இருக்கும் அறையில் சோதிப்பார்கள். அங்கே 75 காட்டினால் நம் ஊர்க் கோடையில் 87 என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, பிராசஸர் பெட்டியில் போட்டிருக்கும் 65 வாட்டை அப்படியே நம்பாதீர்கள். இன்டெல் ஐ5 12400 முழு வேகத்தில் 117 வாட் வரை இழுக்கும், ஐ7 12700 என்றால் 180. அதே 65 வாட் என்று வரும் ரைசன் 7 7700 சுமார் 88-லேயே நின்றுவிடும். ஸ்டுடியோவில் ஏசி போடும் யோசனை இல்லை என்றால் நான் இந்தக் கடைசி ரகத்தைத்தான் சொல்வேன், முன்பக்கம் கண்ணாடிக்குப் பதில் வலை வைத்த கேபினெட்டோடு. கண்ணாடியும் கலர் லைட்டும் பார்க்க அழகுதான், ஆனால் காற்று போக வழி இருக்காது.