‘திரும்பிடலாம்’ என்று சொல்லத் தெரிந்த டிரைவர்

மலைப்பாதையில் வண்டி ஓட்டப் பயிற்சி கொடுப்பது என் தொழில். என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே சுற்றுலா வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும் டிரைவர்கள்தான். வளைவு, இறக்கம், பனி, மூடுபனி என்று நாலைந்து நாள் ஓட்டிவிட்டு மாலையில் உட்கார்ந்து பேசும்போது மனதில் இருப்பதெல்லாம் வெளியே வரும். அந்தப் பேச்சில் சாலையைப் பற்றிய புகார் குறைவு. பின்சீட்டில் இருந்தவர்களைப் பற்றிய புகார்தான் அதிகம்.

அதனால் இதை டிரைவர்களுக்காக எழுதவில்லை. ஒரு வாரம், பத்து நாள் மலைப்பயணத்துக்கு டிரைவரோடு வண்டி அமர்த்தப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

ஒருவர் சொன்ன கதை இது. இரவு பத்து மணி வரை ஓட்டி ஒரு குடும்பத்தைத் தங்குமிடத்தில் இறக்கிவிட்டிருக்கிறார். இறங்கும்போது, “கணவாய்க்கு மேல சூரிய உதயம் பார்க்கணும், ரெண்டரைக்குக் கிளம்பிடலாமா?” என்று கேட்டிருக்கிறார்கள். இவரும் சரி என்று தலையாட்டிவிட்டார். டீசல் போட்டு, கண்ணாடி துடைத்து, படுக்கும்போது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. இருட்டில் ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. திரும்பி இறங்கும்போது, நல்ல வெயிலில், அதுவும் நேரான பாதையில், முன்சக்கரம் ஓரக்கல்லில் ஏறிவிட்டது. அந்தச் சத்தத்தில்தான் கண் விழித்தாராம். ஓரக்கல் இருந்த இடம், தப்பித்தார்கள்.

“முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே?” என்று கேட்டேன்.

“சொன்னா அடுத்த தடவை கூப்பிட மாட்டாங்க சார். ஸ்டாரையும் குறைச்சுப் போட்டுடுவாங்க.”

அந்தக் குடும்பத்தின்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் கேட்டார்கள், இவர் சரி என்றார். கூலிக்கு வருகிறவரின் ‘சரி’யில் எவ்வளவு சம்மதம், எவ்வளவு பயம் என்று பின்சீட்டில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? என் கணக்கில் மலைப்பயணத்தின் பெரிய ஆபத்து அந்தச் ‘சரி’தான். செங்குத்துச் சரிவெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

டிரைவரிடம் போனில் பேசும்போது எல்லோரும் கேட்பது, “எத்தனை வருஷ அனுபவம்?” இருபது வருடம் சமவெளியில் ஓட்டியவரும் இருபது வருடம் என்றுதான் சொல்வார். நான் கேட்கச் சொல்வது வேறு: “கடைசியாக எப்போது வண்டியைப் பாதியில் திருப்பினீர்கள்? ஏன்?” நல்ல மலை டிரைவரிடம் இதற்கு ஒரு கதை இருக்கும். மேலே மேகம் இறங்கிவிட்டது, மண் சரிந்திருந்தது, பயணி ஒருவருக்குத் தலைவலி நிற்கவில்லை, ஏதோ ஒன்று. “நான் எதற்கும் திரும்பியதே இல்லை” என்று பெருமையாகச் சொல்கிறவரை நான் அமர்த்த மாட்டேன்.

அடுத்து, அந்தக் குறிப்பிட்ட பாதையில், அதே பருவத்தில் ஓட்டியிருக்கிறாரா என்று கேளுங்கள். ‘மலை அனுபவம்’ என்று பொதுவாகச் சொல்வதில் அர்த்தம் குறைவு. ஒவ்வொரு பாதைக்கும் தனி வழக்கம் உண்டு. பொலிவியா முழுக்க வண்டிகள் வலப்பக்கமாகப் போகும். ஆனால் அங்கே செங்குத்துச் சரிவை ஒட்டிப் போகும் பழைய யுங்காஸ் மலைப்பாதையில் இடப்பக்கம் போக வேண்டும். டிரைவர் இடது இருக்கையில் உட்கார்ந்திருப்பதால், எதிர்வண்டிக்கு ஒதுங்கும்போது தன் வெளிச்சக்கரம் விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று எட்டிப் பார்க்க முடியும், அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. புதிதாக வருகிறவருக்கு யாராவது சொன்னால்தான் உண்டு.

இன்னொரு சின்னக் கேள்வி: குறுகலான இடத்தில் ஏறுகிற வண்டியும் இறங்குகிற வண்டியும் சந்தித்தால் யார் ஒதுங்க வேண்டும்? இறங்குகிறவர்தான் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்கிறது 1968 வியன்னா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தம். ஒதுங்குமிடங்கள் அமைந்திருக்கும் விதத்தைப் பொறுத்து விலக்கு உண்டு. டிரைவருக்கு ஒப்பந்தத்தின் பெயர் தெரிய வேண்டியதில்லை. பதில் யோசிக்காமல் வர வேண்டும். “ஹாரன் அடிச்சா அவங்களே ஒதுங்கிடுவாங்க” என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அவருக்குக் கூடுதலாக இரண்டு நாள் பயிற்சி கொடுத்தேன்.

இப்போது தூக்கத்துக்கு வருகிறேன். இந்த விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன்.

ஆஸ்திரேலியாவில் ட்ரூ டாசன், கேத்ரின் ரீட் என்ற இரு ஆய்வாளர்கள் 1997-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கண்ணும் ஒத்துழைக்கும் திறன், ரத்தத்தில் 0.05 சதவீத மது இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று கண்டார்கள். பல நாடுகளில் அந்த அளவோடு ஓட்டினால் குற்றம். காலை ஐந்து மணிக்கு எழுந்த டிரைவர் இரவு பத்து மணிக்கு வளைவில் திருப்பும்போது அந்தக் கணக்கு நிறைந்துவிடுகிறது. அவர் ஒரு சொட்டுக்கூடக் குடித்திருக்க மாட்டார்.

40 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் போகும். கண் மூன்று நொடி செருகினால் 33 மீட்டர். கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த பாதையில் அதற்குள் ஒரு வளைவு வந்துவிடலாம். இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாயில் ஒரு பக்கத்தில் மட்டும் 48 வளைவுகள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் லாரி, பஸ் ஓட்டுகிறவர்கள் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தியாக வேண்டும். ஒரு நாளுக்கு 9 மணி நேரம்தான் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 வரை போகலாம். வாடகைக் காருக்கு இந்த விதி பொருந்தாது. ஆனாலும் ஒரு அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். மலைக்கு நான் அதையும் குறைப்பேன். ஏழு மணி நேரம் ஓட்டினால் போதும், இருட்டுவதற்கு முன் வண்டி நின்றுவிட வேண்டும். மோசமான மலைப்பாதையில் மணிக்கு 25, 30 கி.மீ. போனாலே நல்ல ஓட்டம். அப்படிப் பார்த்தால் ஒரு நாளைக்கு 200 கி.மீ. என்பதே அதிகம். சமவெளியில் ஓட்டிய கணக்கை வைத்துக்கொண்டு 400 கி.மீ. திட்டம் போட்டுக் கொண்டுவருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் திட்டம் எங்கோ கிழியும். பெரும்பாலும் இரவில்தான் கிழியும்.

டிரைவர் எங்கே தூங்குகிறார் என்று பயணத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள். “அவர் பார்த்துக்கொள்வார்” என்று ஏஜென்ட் சொன்னால், பல நேரம் அவர் வண்டிக்குள் தூங்கப்போகிறார் என்று பொருள். குளிரில், கால் நீட்ட இடமில்லாமல் மூன்று இரவு படுத்தவர், நான்காம் நாள் உங்களை எந்த நிலையில் கூட்டிப்போவார்? குளிர் தாங்காமல் இன்ஜினை ஓடவிட்டு ஹீட்டர் போட்டுப் படுப்பது அதைவிட மோசம். பனி விழுந்து புகைக்குழாய் அடைத்துக்கொண்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளே சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, தூங்குகிறவருக்குத் தெரியவே தெரியாது. கட்டில், போர்வை, கதவுள்ள ஓர் அறை, இதைக் கூலியோடு சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். பயணச் செலவில் பயணிகள் முதலில் வெட்டுவது இதைத்தான்.

உயரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2,500 மீட்டருக்கு மேல் போனாலே உயர நோய், அதாவது ஆக்சிஜன் குறைவால் தலைவலி, குமட்டல் எல்லாம், வர வாய்ப்பிருக்கிறது. 3,000 மீட்டருக்கு மேலே, இரவு தங்கும் உயரத்தை ஒரு நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல் இருப்பது நல்லது என்று மலை மருத்துவர்கள் சொல்கிறார்கள். பயணிகள் இதையெல்லாம் படித்து, மருத்துவரைப் பார்த்து, மாத்திரை வாங்கிக்கொண்டு வருகிறார்கள். டிரைவரின் உடம்பும் அதே உயரத்துக்குத்தான் போகிறது என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. கீழேயிருந்தே உங்களோடு கிளம்பியவருக்கும் பழகிக்கொள்ள அதே நாட்கள் வேண்டும். தஜிகிஸ்தானில் பாமிர் நெடுஞ்சாலையின் ஆக்-பைதால் கணவாய் 4,655 மீட்டர். அங்கே மூச்சுக்கு மூச்சு கிடைக்கும் ஆக்சிஜன், கடல்மட்டத்தில் கிடைப்பதில் 60 சதவீதத்துக்கும் குறைவு. அந்த உயரத்தில் தலைவலியோடு ஒருவர் ஸ்டியரிங் பிடித்திருந்தால், “தலை வலிக்குதா?” என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். அவராகச் சொல்ல மாட்டார்.

ஏற்றத்தில் இன்ஜின்தான் திணறும். இறக்கத்தில்தான் உயிருக்கு ஆபத்து. ஆட்களோடும் மூட்டைகளோடும் 2,000 கிலோ இருக்கும் வண்டி 1,000 மீட்டர் உயரம் கீழே இறங்கினால், சுமார் 20 மெகாஜூல் ஆற்றல் வெளியாகிறது. சாதாரணத் தண்ணீர் 60 லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். அந்தச் சூடு எங்கேயாவது போயாக வேண்டும். கொஞ்சத்தைக் காற்று வாங்கிக்கொள்ளும். மிச்சத்தை இன்ஜினும் பிரேக்கும் பங்குபோட வேண்டும். டிரைவர் கீழ் கியரில் இறங்கினால் இன்ஜின் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். மேல் கியரிலோ நியூட்ரலிலோ விட்டால் மொத்தமும் பிரேக் தலையில் விழும்.

பிரேக் அளவுக்கு மீறிச் சூடானால் இரண்டு வகையில் கைவிடும். சக்கரத்தை உரசி நிறுத்தும் லைனிங் பிடிப்பை இழக்கும். அல்லது பிரேக் ஆயில் கொதித்து உள்ளே ஆவி சேர்ந்து, பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை கொண்டது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 டிகிரிதான். அதனால் “பிரேக் ஆயில் எப்போது மாற்றினீர்கள்?” என்று கேட்பதில் தப்பே இல்லை. இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் மாற்றிவிட்டுக் கிளம்பச் சொல்லுங்கள். பெரிய செலவு கிடையாது.

நீங்கள் பின்சீட்டிலிருந்தே கவனிக்கலாம். நீண்ட இறக்கத்தில் இன்ஜின் உறுமிக்கொண்டே இறங்கினால் நல்ல கை. சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போய், வளைவுக்கு வளைவு பிரேக் மட்டும் பிடித்தால் யோசிக்க வேண்டியதுதான். டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று இன்ஜினையே அணைத்துவிட்டு இறக்குகிறவர்களும் உண்டு. பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் கிடைக்கும் துணைவிசை அதோடு போய்விடும். ரப்பர் கருகுவது போல வாடை வந்தால் தயங்காதீர்கள். “கொஞ்சம் நிறுத்துங்க, போட்டோ எடுக்கணும்” என்று சொன்னாலும் போதும். அரைமணி நேரம் நின்றால் சூடு தானாக இறங்கும். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்ற மட்டும் விடாதீர்கள், அது கோணவோ விரிசல் விடவோ செய்யும்.

காகித வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாடகைக்கு ஓட்ட அனுமதி உள்ள வண்டியா, பயணிகளுக்கும் சேர்த்து இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டியை வாடகைக்கு ஓட்டினால் பல நாடுகளில் இன்சூரன்ஸ் பணம் வராது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்தது. ஸ்டெப்னியிலும் அதைப் பாருங்கள், காற்றையும் பாருங்கள். பின்சீட்டு பெல்ட்டை இழுத்து மாட்டிப் பாருங்கள், சீட் உறைக்கு அடியில் புதைந்து கிடக்கும். கூரைமேல் கனமான மூட்டை வேண்டாம். ஒப்பந்தத்தில் வண்டி எண்ணும் டிரைவர் பெயரும் இருக்கட்டும். நாம் பேசிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவருக்குப் பதில், கிளம்பும் காலையில் வேறு யாரோ வந்து நிற்பது இந்தத் தொழிலில் சாதாரணம்.

இவ்வளவும் செய்தபிறகு, கிளம்பும் முன் டிரைவரிடம் ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள். மற்ற பயணிகள் முன்னாலேயே சொல்லுங்கள்: “பாதை சரியில்லை, தூக்கம் வருது, உடம்பு முடியல, எதுவானாலும் நீங்க நிறுத்தலாம், திரும்பலாம். அந்த நாள் கூலி குறையாது.” இதை எழுத்திலும் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. ஏஜென்ட் வழியாக அமர்த்தினால் அவருக்கும் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அவர் கூலியில் பிடித்துக்கொள்வார். உங்கள் திட்டத்தில் எதுவும் இல்லாத ஒரு வெற்று நாளும் இருக்க வேண்டும். விமானம் மறுநாள் காலை என்றால் எந்த டிரைவரும் திரும்ப மாட்டார், நீங்களும் திரும்பச் சொல்ல மாட்டீர்கள்.

வழியில் அவர் தொடர்ந்து கொட்டாவி விட்டால், கன்னத்தைத் தட்டிக்கொண்டால், ஜன்னலை ஏற்றி இறக்கினால், பாட்டின் சத்தத்தைக் கூட்டினால், “தூக்கமா?” என்று கேட்காதீர்கள். இல்லை என்றுதான் பதில் வரும். “நாங்க கொஞ்ச நேரம் நடந்துட்டு வர்றோம், நீங்க படுங்க” என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுங்கள். இருபது நிமிடத் தூக்கம் கொஞ்ச தூரத்துக்குத் தாங்கும். தூங்கி எழுந்ததும் உடனே ஓட்டச் சொல்லாதீர்கள், முகம் கழுவி நாலு எட்டு நடக்கட்டும்.

கடைசியாக, யாரும் கேட்காத ஒன்று. பயணம் முடிந்து நீங்கள் இறங்கியபின் டிரைவர் எங்கே போகிறார்? பெரும்பாலும் அதே பாதையில், தனியாக, காலி வண்டியோடு, அன்றிரவே திரும்புகிறார். மறுநாள் அடுத்த குடும்பம் காத்திருக்கும். பேச்சுத்துணைக்குக்கூட ஆள் இருக்காது. கூலி பேசும்போதே, கடைசி நாள் இரவு அவர் கீழேயே தங்கிவிட்டுக் காலையில் கிளம்புவதற்கான செலவையும் சேர்த்துக் கேளுங்கள். முன்னே சொன்ன அந்த டிரைவர், ஓரக்கல்லில் ஏறினவர், இப்போது இதைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார். “எல்லாரும் தர்றாங்களா?” என்று கேட்டேன். “பாதிப் பேர் தர்றாங்க சார். மீதிப் பேரோட நான் போறதில்ல.”