எரிமலைப் புகையை எட்ட நின்று எடைபோடுவது எப்படி?

திருவொற்றியூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "கிலாவேயா எரிமலையிலிருந்து ஒரு நாளைக்கு இத்தனை ஆயிரம் டன் கந்தக டை ஆக்சைடு வருகிறது என்கிறார்களே, புகைக்குள் போய் அளந்தது யார் சார்?"

யாரும் உள்ளே போகவில்லை. ஹவாய்த் தீவின் கிலாவேயா, 2024 டிசம்பர் 23-இல் தொடங்கி விட்டுவிட்டுப் பீறிட்டு வருகிறது. ஓய்ந்திருக்கும் நாட்களில் ஆயிரத்துச் சொச்சம் டன். தீக்குழம்பு நீரூற்றாய் எழும்போது, அதே நாள் கணக்கில் 50,000 டன்னையும் தாண்டும்.

மாக்மா, அதாவது பூமிக்குள் உருகிக் கிடக்கும் பாறைக் குழம்பு, ஏற ஏற அழுத்தம் குறையும், கரைந்திருந்த வாயுக்கள் பிரியும். இது பள்ளியில் படித்ததுதான். கார்பன் டை ஆக்சைடு ஆழத்திலேயே பிரியத் தொடங்கிவிடும். கந்தக டை ஆக்சைடு பெரும்பாலும் மாக்மா மேலே நெருங்கிய பிறகுதான் வெளியேறும். ஆகவே அது கூடினால் மாக்மா கிட்டே வந்துவிட்டது என்று சந்தேகிக்க வேண்டும்.

சரி, அளப்பது எப்படி? ஒளியை அலைநீளம் வாரியாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானி என்று ஒரு கருவி உண்டு. புகைக்கு அடியில் நின்று, அதன் சின்னத் தொலைநோக்கியை வானத்தைப் பார்த்துத் திருப்பினால் போதும். வானத்திலிருந்து சிதறி வரும் வெயிலில் புற ஊதாக் கதிரும் உண்டு. அதில் 300 முதல் 320 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள பகுதியைக் கந்தக டை ஆக்சைடு விழுங்கும். ஒரே சீராக விழுங்காது. ஏறக்குறைய இரண்டு நானோமீட்டருக்கு ஒருமுறை அதிகம், நடுவில் கம்மி. வரைந்து பார்த்தால் சீப்பின் பற்கள் போல இருக்கும். ஓசோனும் அங்கே ஒளியை விழுங்கும், ஆனால் அதன் வரிசை வேறு. சாம்பலும் மேகமும் மொத்தமாக மங்க வைக்குமே தவிர இந்தப் பல்வரிசையை உண்டாக்காது. புகையில்லாத வானத்தின் நிறமாலையோடு ஒப்பிட்டு, பற்கள் எவ்வளவு ஆழம் என்று பார்த்தால், தலைக்கு மேல் எவ்வளவு வாயு இருக்கிறது என்று தெரிந்துவிடும். எத்தனை தடவை படித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை. வெயில் மட்டும் போதும்!

அப்புறம் கருவியை வண்டியில் வைத்து, புகைக்கு அடியில் குறுக்கே ஓட்ட வேண்டும். வழியெல்லாம் அளந்ததைக் கூட்டினால், புகையின் ஒரு குறுக்குத் துண்டில் எவ்வளவு வாயு என்று தெரியும்; அதைக் காற்றின் வேகத்தால் பெருக்க வேண்டும். ஒரு மீட்டர் தடிமனுள்ள குறுக்குத் துண்டில் 2 கிலோ வாயு இருக்கிறது, காற்று விநாடிக்கு 7 மீட்டர் வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 14 கிலோ. ஒரு நாளின் 86,400 விநாடிகளால் பெருக்கினால் சுமார் 1,200 டன். காற்றின் வேகத்தைத் தப்பாகப் போட்டால் விடையும் தப்பாகிவிடும். இரவில் இந்த வேலை நடக்காது.

இந்த வழியில் முதலில் பேர் பெற்ற கோஸ்பெக் என்ற கனடாக் கருவி, ஆலைப் புகைபோக்கிகளை அளக்கத்தான் உருவானது. 1970-களில்தான் எரிமலை ஆய்வாளர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். இதை வடசென்னைக்காரர்களுக்கு அழுத்திச் சொல்கிறேன். மணலியில் இருக்கும் காற்றுத்தர நிலையம், அது நிற்கும் இடத்தின் காற்றைத்தான் சொல்லும். புகைபோக்கியிலிருந்து மொத்தம் எவ்வளவு கிளம்பியது என்பது வேறு கணக்கு. கடற்காற்று வீசும் பிற்பகலில் இந்தக் கருவியோடு ஒரு வண்டி மீஞ்சூர் சாலையில் போய்வந்தால், அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தின் புகையை வெளியிலிருந்தே கணக்கிடலாம். நம் பல்கலைக்கழகங்களுக்கு இதற்குப் பணம் ஒதுக்கியே ஆக வேண்டும்.

எண் கிடைத்தால் போதாது, படிக்கவும் தெரிய வேண்டும். 1991 மே மாதம் ஃபிலிப்பைன்ஸின் பினடூபோவில் நாளுக்கு 500 டன்னாக இருந்தது, இரண்டே வாரத்தில் 5,000 டன் ஆனது. ஜூன் முதல் வாரத்தில் திடீரென்று 300 டன்னுக்கும் கீழே இறங்கியது. மலை அடங்கிவிட்டது என்று ஆய்வாளர்கள் நினைக்கவில்லை. வழி அடைபட்டு உள்ளே அழுத்தம் ஏறுகிறது என்று சந்தேகித்தார்கள். நிலநடுக்கப் பதிவுகளையும் சேர்த்துப் பார்த்து எச்சரிக்கையை உயர்த்தினார்கள், பல்லாயிரம் பேர் வெளியேறினார்கள். ஜூன் 15-இல் மலை வெடித்தது.

ஹவாயில் கவலை வேறு மாதிரி. குழாய்த் தண்ணீர் எட்டாத வீடுகளில் கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் பிடித்து வைத்துத்தான் புழங்குகிறார்கள். கந்தக வாயு மழையை அமிலமாக்கும். அந்த மழை பழைய கூரைகளின் பூச்சிலும் ஆணியிலும் உள்ள ஈயத்தைக் கரைத்துத் தொட்டிக்குள் கொண்டுபோகும். டன் கணக்கையும் காற்றின் திசையையும் சேர்த்து, எந்த ஊர்ப் பக்கம் புகைமூட்டம் வரும் என்று ஹவாய்ப் பல்கலைக்கழகம் முன்னறிவிப்பு தருகிறது. அதைப் பார்த்து, ஆஸ்துமா உள்ளவர்கள் வீட்டுக்குள் இருந்துகொள்ளலாம், தொட்டிக்குப் போகும் கூரைக் குழாயையும் முன்கூட்டியே கழற்றி வைக்கலாம்.