பங்கீடு வேறு, பகிர்வு வேறு

"செயற்கைக்கோள் அலைக்கற்றைப் பங்கீடு" என்று தொலைக்காட்சியில் மறுபடியும் ஓடியது. பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர் "என்ன சார், இன்னொரு 2ஜியா?" என்றார். அவர் மேல் தப்பில்லை. 'பங்கீடு' என்ற சொல் அப்படித்தான் நினைக்க வைக்கும்.

ஸ்பெக்ட்ரம் லத்தீன் சொல், 'தோற்றம்' என்று பொருள். 1670களில் நியூட்டன் முப்பட்டகம் பிரித்துக் காட்டிய நிறங்களுக்கு அதை வைத்தார். அப்புறம் வானொலி அலைகளுக்கும் ஒட்டிக்கொண்டது. தமிழில் அலைக்கற்றை. செயற்கைக்கோள் தரைக்கு வீசும் கதிருக்குத்தான் கற்றை பொருந்தும் என்பது என் கட்சி. ஆனால் 2ஜி வழக்கு அதை டீக்கடை வரை கொண்டுபோய்விட்டது, இனி மல்லுக்கட்டிப் பயனில்லை.

என் சண்டை ஷேரிங் என்பதற்குப் போடும் 'பங்கீடு' மேல். பங்கு, பகிர்வு இரண்டும் 'பகு' என்ற ஒரே வேரில் வந்தவைதான். வழக்கில் பிரிந்துவிட்டன. பங்கிட்டால் அவரவர் துண்டு அவரவருக்கு, நடுவில் வேலி. அமெரிக்காவில் 2021இல் முடிந்த அலைக்கற்றை ஏலத்தில் நடந்தது அதுதான். 3,700 முதல் 4,200 மெகாஹெர்ட்ஸ் வரை செயற்கைக்கோள்கள் புழங்கிய இடத்தில் கீழ்ப்பகுதி 280 மெகாஹெர்ட்ஸ் செல்பேசிக்குப் போனது, 20 இடைவெளியாக விடப்பட்டது, செயற்கைக்கோள்கள் மேலே ஒதுங்கின. இதைப் பங்கீடு என்று தாராளமாக எழுதலாம்.

அமெரிக்கச் செல்பேசி நிறுவனமான டி-மொபைலும் செயற்கைக்கோள் இணையம் தரும் ஸ்டார்லிங்கும் சேர்ந்து செய்வது வேறு. தரைச் சேவைக்கு டி-மொபைல் உரிமம் பெற்ற அலைவரிசையே வானிலிருந்தும் இறங்குகிறது. தரையில் இருப்பவருக்குத் தொந்தரவு தரக்கூடாது என்பதுதான் 2024 மார்ச்சில் வந்த அமெரிக்க விதியின் சாரம். இங்கே யாருக்கும் துண்டு வெட்டிக் கொடுக்கவில்லை. நம் வருவாய்த்துறை மொழியில் சொன்னால் முன்னது உட்பிரிவு செய்த தனிப்பட்டா, பின்னது கூட்டுப்பட்டா.

இந்த வேறுபாடு தெரியாமல் எழுதினால் வாதமே தலைகீழாகிவிடும். 2024 அக்டோபரில் மத்திய அரசு என்ன சொன்னது? செயற்கைக்கோள் அலைக்கற்றையைப் பலர் சேர்ந்து பயன்படுத்துகிறார்கள், தனித்தனியே விலை வைக்க முடியாது, ஆகவே ஏலம் இல்லை, அரசே நேரடியாகக் கொடுக்கும் நிர்வாக ஒதுக்கீடுதான் என்றது. 2023 தொலைத்தொடர்புச் சட்டமும் அந்த வழியில்தான் போகிறது. ஏற்பதும் மறுப்பதும் உங்கள் பாடு. ஆனால் அதையே 'ஏலமின்றிப் பங்கீடு' என்று எழுதினால், கூறுபோட்டு வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்றுதானே படிக்கிறவர் நினைப்பார்?

தலைப்புக்குப் 'பகிர்வு' போதும். விளக்கி எழுதும் இடத்தில் 'கூட்டுப் பயன்பாடு' இன்னும் தெளிவு. நீளம்தான், இருக்கட்டும். மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியில் கண்ணில் படும் முதல் சொல்லை எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். செல்பேசிக் கோபுர அலையும் செயற்கைக்கோள் அலையும் ஒரே அலைவரிசைப் பட்டையில் இருப்பதை 'சகவாழ்வு' என்று ஒருவர் எழுதியிருந்தார், ஏதோ இரண்டும் சமாதான ஒப்பந்தம் போட்ட மாதிரி! ஒரு அலை இன்னொன்றில் புகுந்து குழப்புவதற்குக் 'குறுக்கீடு' என்ற சொல்லை மட்டும் யாரோ புண்ணியவான் சரியாகக் கொடுத்திருக்கிறார்.

ஆசிரியரிடம் கூட்டுப்பட்டா கணக்கைச் சொன்னேன். "அப்போ தினம் தகராறுதான்" என்றார். அந்தத் தகராறுக்குத்தான் சார் குறுக்கீடு என்று பெயர் என்றேன்.