தரிசு முகவரிக்கும் குத்தகை உண்டு

இணையம் வழியாக சர்வர்களை வாடகைக்குத் தரும் அமேசான் வெப் சர்வீசஸில் சர்வர் வைத்திருப்பவர்கள் மாத பில் வந்ததும் இசி2 என்ற தலைப்பைத்தான் முதலில் பார்ப்பார்கள். சர்வர் வாடகை அங்கேதான் இருக்கும். பலர் அதோடு மூடிவிடுவார்கள். இன்னும் கீழே போனால் விபிசி, அதாவது நம் சர்வர்கள் இருக்கும் தனி வலையமைப்பு, என்ற தலைப்புக்குள் இரண்டு வரிகள் ஒளிந்திருக்கும். இணையத்தில் ஒரு சர்வரைத் தேடி வர உதவும் எண்தான் பொது ஐபி முகவரி. ‘இன்யூஸ் அட்ரஸ்’ என்பது பயன்பாட்டில் உள்ள அத்தகைய முகவரிகளுக்கான கட்டணம். ‘ஐடில் அட்ரஸ்’ என்பது சும்மா கிடப்பவற்றுக்கானது. இரண்டுக்கும் ஒரே விலைதான், முகவரி ஒன்றுக்கு மணிக்கு 0.005 டாலர். டெல்டாவில் கோயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நிலத்தைத் தரிசாகப் போட்டாலும் குத்தகை நெல்லை அளந்துதான் ஆக வேண்டும்.

2024 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த விலை இது. அதற்கு முன்பு, ஓடுகிற சர்வரோடு இணைந்த முதல் முகவரிக்குக் காசு கிடையாது. இணைக்காமல் ஒதுக்கி வைத்திருந்தால் கட்டணம் உண்டு.

ஏன் இந்த மாற்றம்? கட்டணம் போடப்படுவது ஐபிவி4 என்ற பழைய முறை முகவரிக்கு; அது 32 பிட் எண். அதில் மொத்தம் 429 கோடி முகவரிகளே உண்டு, அதிலும் ஒரு பகுதி பொதுப் பயன்பாட்டுக்கு வராது. உலகக் கையிருப்பின் கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரி 3 அன்று முகவரிகளை ஒதுக்கித் தரும் வட்டாரப் பதிவகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. அவர்களிடமும் தீரத் தீர, வேண்டியவர்கள் ஏற்கெனவே வைத்திருப்பவர்களிடம் விலைக்கு வாங்க வேண்டியதாயிற்று. அந்தச் செலவைத்தான் மேகக் கணினி நிறுவனங்கள் நம் பில்லில் ஏற்றுகின்றன.

தஞ்சாவூர் டைடல் நியோ பூங்காவிலோ கும்பகோணத்து மாடி அறையிலோ இருந்துகொண்டு, அரிசி ஆலைகளுக்கும் பாத்திரக் கடைகளுக்கும் பில்லிங் மென்பொருள் செய்துதரும் ஒரு சிறு குழுவை எடுத்துக்கொள்வோம். சர்வர்கள் மும்பையில். வரும் கோரிக்கைகளை சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் லோட் பேலன்சர் இரண்டு மண்டலங்களில் நிற்பதால் இரண்டு முகவரி. அதன் பின்னால் நான்கு ஆப் சர்வர்கள், ஆளுக்கொன்று. டேட்டாபேஸுக்கு ஒன்று. சோதனை சர்வர்களுக்கு இரண்டு. முன்பு எதற்கோ எடுத்து, எதோடும் இணைக்காமல் விட்ட எலாஸ்டிக் ஐபி, அதாவது நாமே விடுவிக்கும்வரை நம் கணக்கிலேயே இருக்கும் நிலையான முகவரி, மூன்று. ஆக மொத்தம் 12. மாதத்துக்கு 730 மணி நேரம் என்றால் ஒரு முகவரிக்கு 3.65 டாலர். டாலருக்கு 85 ரூபாய் வைத்தால் சுமார் 310 ரூபாய். பன்னிரண்டுக்கும் வருஷத்துக்கு ஏறக்குறைய 44,700 ரூபாய், ஜிஎஸ்டி தனி.

இதில் வெளியிலிருந்து யாராவது தேடி வர வேண்டியது லோட் பேலன்சரைத்தான். அது ஆப் சர்வர்களோடு விபிசிக்குள் மட்டும் செல்லும் உள்முகவரி வழியாகவே பேசும். உள்முகவரிக்குக் கட்டணம் இல்லை. டேட்டாபேஸுக்குப் பொது முகவரி இருப்பதே ஆபத்து. காசு மிச்சமாகாவிட்டாலும் அதை எடுத்துவிட வேண்டும். பராமரிப்புக்கு உள்ளே நுழைய இசி2 இன்ஸ்டன்ஸ் கனெக்ட் எண்ட்பாயிண்ட் என்ற வசதி இருக்கிறது. அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது, சர்வருக்குப் பொது முகவரியும் தேவையில்லை.

இங்கேதான் கவனம் வேண்டும். பொது முகவரியை எடுத்துவிட்டால் ஆப் சர்வரால் வெளியே போக முடியாது, அப்டேட் இறங்காது. உடனே எல்லோரும் சொல்வது, நாட் கேட்வே போடு என்று. பல சர்வர்கள் ஒரே பொது முகவரி வழியாக வெளியே போக உதவும் வாசல் அது. அமெரிக்காவின் விர்ஜீனியா வட்டாரத்தில் அதன் வாடகை மணிக்கு 0.045 டாலர், அதாவது ஒன்பது முகவரிகளின் விலை. மும்பையில் இன்னும் கூடுதல். போதாததற்கு அதற்கே ஒரு பொது முகவரி வேண்டும், கடக்கும் ஒவ்வொரு ஜிபிக்கும் தனிக் கட்டணம் வேறு. நம் குழு ஒன்பது முகவரிகளை மிச்சப்படுத்த நாட் கேட்வே வைத்தால் பில் ஏறத்தான் செய்யும். நூறு சர்வர் வைத்திருப்பவருக்கு அது சரி, நாலு சர்வருக்குக் கட்டாது. எஸ்3 சேமிப்பகத்துக்குப் போக இலவச கேட்வே எண்ட்பாயிண்ட் போதும். மற்றவற்றுக்கு, புதிய முகவரி முறையான ஐபிவி6 கொடுத்து, உள்ளிருந்து வெளியே மட்டும் போகவிடும் எக்ரஸ்-ஒன்லி கேட்வே வைக்கலாம்; அதற்கும் வாடகை இல்லை. ஐபிவி4 மட்டுமே பேசும் வெளிச் சேவைகள் இன்னும் இருப்பதால் முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும்.

நான்கு ஆப் சர்வர்களில் ஒன்றின் முகவரியை விட்டுவைக்கத்தான் வேண்டும். 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள குத்துவிளக்குகள் நாச்சியார்கோவிலிலிருந்து வெளிமாநிலம் போக இ-வே பில் வேண்டும். மென்பொருள் அதை அரசுத் தளத்திலிருந்து நேரடியாக எடுப்பதானால், முன்பே பதிந்த நிலையான ஐபியிலிருந்து வரும் கோரிக்கைதான் ஏற்கப்படும். யாரோ ‘தேவையில்லை’ என்று நினைத்து அதை அழித்தால், சரக்கு ஏற்றிய லாரி பட்டறை வாசலிலேயே நிற்கும்.

ஆகவே அழிப்பதிலும் ஒரு வரிசை இருக்கிறது. கட்டணமில்லாத பப்ளிக் ஐபி இன்சைட்ஸ் பக்கத்தில் எந்த முகவரி எதோடு இணைந்திருக்கிறது என்று பட்டியல் கிடைக்கும். இணைப்பு இல்லாதவற்றை, எந்தத் தளப்பெயர் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவுகளோடு ஒப்பிட வேண்டும். பழைய ‘டெஸ்ட்’ துணைப்பெயர் ஏதாவது அந்த முகவரியைக் காட்டிக்கொண்டிருந்தால், முதலில் அந்தப் பதிவை நீக்க வேண்டும். நாம் விடுவித்த முகவரி நாளை வேறொருவர் கைக்குப் போகும். பதிவு அப்படியே இருந்தால், நம் தளப்பெயரைத் தேடி வருகிறவர்கள் அவருடைய சர்வரில் போய் விழுவார்கள். அவர் நம் துணைப்பெயருக்கு முறையான பாதுகாப்புச் சான்றிதழைக்கூட வாங்கிவிட முடியும். மிச்சமாகும் 310 ரூபாய்க்கு இந்த ஆபத்து தகாது.

பயன்பாட்டில் உள்ளதா என்று சந்தேகம் இருந்தால், எலாஸ்டிக் ஐபியை சர்வரிலிருந்து கழற்றி, விடுவிக்காமல் ஒரு மாதம் வைத்திருப்பது நல்லது. கட்டணம் அதேதான், ஏறாது. ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் 11, 20 தேதிகளில் மட்டும் ஓடும் வேலை ஏதாவது இருந்தால் அதற்குள் சத்தம் போட்டுவிடும். யாரும் கூப்பிடவில்லை என்றால் விடுவித்துவிடலாம்.

இப்படி 12 முகவரி மூன்றாகும். மாதம் 2,790 ரூபாய் அளவில் மிச்சம். மறுபடி சேராமல் இருக்க, விபிசியின் உட்பிரிவான சப்நெட்டின் அமைப்பில் ஒரு டிக்கை எடுக்க வேண்டும். கணக்கோடு தானாகவே வரும் விபிசியில், புதிய சர்வர் ஒவ்வொன்றுக்கும் பொது ஐபிவி4 தானாகக் கிடைக்கும்படிதான் வைத்திருப்பார்கள். அதை அணைத்துவிட்டால், முகவரி வேண்டும் என்பவர் இனி கேட்டுத்தான் வாங்க வேண்டும்.