துளி திரிந்ததும் மாட்டைத் தள்ளிவிடாதீர்கள்

வெள்ளைத் தட்டில் மாட்டின் சீரம், அதாவது இரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீர், ஒரு துளி. பக்கத்தில் ரோஜா நிற ஆன்டிஜன், அதாவது சாயமேற்றிய செத்த கிருமிக் கலவை, ஒரு துளி. குச்சியால் கலந்து, தட்டை மெல்ல ஆட்டிக்கொண்டே நான்கு நிமிடம் பார்க்க வேண்டும். அப்படியே இருந்தால் நெகட்டிவ். பால் திரிந்ததுபோல் திப்பி திப்பியானால் பாசிட்டிவ். புருசெல்லா கிருமியால் வரும் கருச்சிதைவு நோய்க்கு நாங்கள் முதலில் செய்யும் ரோஸ் பெங்கால் சோதனை இவ்வளவுதான்.

ஒரு பண்ணையில் நாற்பது மாடுகளில் ஒன்றுக்கு மட்டும் துளி திரிந்தது. அது ஒருமுறைகூடக் கரு கலைந்து கன்று வீசியதில்லை. “இன்றைக்கே விற்றுவிடட்டுமா டாக்டர்?” என்றார் பண்ணைக்காரர். பொறுங்கள் என்றேன். நோய் நிஜமென்றால் அது இன்னொருவர் தொழுவத்துக்கல்லவா போகும்!

இந்தச் சோதனை கிருமியைப் பார்ப்பதில்லை, கிருமிக்கு எதிராக உடம்பு செய்த ஆன்டிபாடியைத்தான் பார்க்கிறது. ஆன்டிபாடியோ கிருமியின் மேலுள்ள சர்க்கரைச் சங்கிலியைப் பிடிக்கிறது. குடலுக்குள் வந்துபோகும் யெர்சினியா என்டெரோகோலிட்டிகா ஓ9 கிருமிக்கும் ஏறக்குறைய அதே சங்கிலிதான். ஆள் வேறு, சட்டை ஒன்று. ஆன்டிபாடியைத் தேடும் இன்னொரு சோதனையான எலைசாவில் உறுதிசெய்துகொள்ளலாம் என்றால், அதன் தட்டிலும் பெரும்பாலும் இதே சங்கிலியைத்தான் பூசியிருப்பார்கள். ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்ட கதைதான்.

அப்புறம் தடுப்பூசி. எஸ்19 ஊசியைக் கிடேரிக் கன்றுகளுக்கு 4 முதல் 8 மாதத்துக்குள் போடுகிறோம். வயது தாண்டிப் போட்டால் ஆன்டிபாடி நெடுநாள் தங்கி, சோதனையைக் குழப்பும். ஆர்பி51 ஊசிக் கிருமிக்கு அந்தச் சங்கிலி கிடையாது. அதனால் இந்தத் தொல்லை இல்லை.

கணக்கும் நம்மை ஏமாற்றும். 1000 மாடுகளில் 10க்குத்தான் நோய் என்று வைத்துக்கொள்வோம். நோயில்லாத மாடுகளில் நூற்றுக்கு 98ஐச் சரியாகச் சொல்லும் நல்ல சோதனைகூட மீதி 990இல் சுமார் 20ஐத் தவறாகப் பாசிட்டிவ் என்று காட்டும். நோயுள்ள பத்தும் சிக்கினாலும், பாசிட்டிவ் ஆன முப்பதில் இருபது நிரபராதிகள்!

சரி, நெகட்டிவ் வந்தால் நிம்மதியா? அதுவும் இல்லை. தொற்று புதிதாக இருந்தாலோ, கன்று ஈனும் சமயமாக இருந்தாலோ துளி திரியாமல் போகலாம்.

அந்த மாட்டைத் தனியே கட்டினோம். தடுப்பூசிக் குறிப்பைத் தேடினோம். அதில் ஒன்றும் சிக்கவில்லை. ஆறு வாரம் கழித்து மொத்த மந்தைக்கும் மறுபடி இரத்தம் எடுத்தோம். இந்த முறை எந்தத் துளியும் திரியவில்லை. ஆனால் அந்த ஆறு வாரமும் அதன் பாலைக் கொதிக்க வைக்காமல் யாரும் வாயில் வைக்கவில்லை. கன்று வீசினால் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் தொடக்கூடாது என்றும் சொல்லி வைத்திருந்தேன்.