காவல் நாயிடம் எதை எதிர்பார்க்கலாம்?

"வீட்டுக் காவலுக்கு எந்த நாய் வாங்கலாம், டாக்டர்?" என்று யாராவது ஒருவர் வந்து கேட்காத வாரம் கால்நடை மருத்துவருக்குக் கிடையாது. கேட்பவர்களில் பெரும்பாலோர் ஓர் இனத்தின் பெயரையே பதிலாக எதிர்பார்க்கிறார்கள். நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது வேறு: இரவு இரண்டு மணிக்கு அது குரைத்தால், உங்கள் வீட்டில் எழுந்து பார்க்கப் போவது யார்? வீட்டு நாய் தரும் காவலில் பெரும்பகுதி தகவல் சொல்வதுதான். அதைக் காதில் வாங்க ஆளில்லாத வீட்டில், எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கிய நாயாலும் பாதிக் காவலையே தர முடியும்.

தகவல் சொல்லும் வேலையை அது நமக்கு எட்டாத திறமையோடு செய்கிறது. மனிதக் காதுக்கு ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிதான் கேட்கும். நாயின் காதுக்கு 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். மதிலோரத்துக் காலடியையும் கேட்டின் தாழ்ப்பாள் அசைவையும் பழகாத ஆளின் வாடையையும் அது நமக்கு முன்பே அறிந்துவிடுகிறது. தெருவே விழித்துக்கொள்ளும் என்ற அச்சம்தான் திருட வந்தவரைத் திருப்பி அனுப்புகிறது என்பதும், கடிபடும் அச்சம் அதற்கு அடுத்த இடத்தில்தான் இருக்கிறது என்பதும் என் கருத்து. உள்ளே நுழைந்துவிட்டவரை மடக்கிப் பிடிப்பது காவல்துறையில் முறையாகப் பயிற்சி பெற்ற நாய்க்கு உரிய வேலை. பயிற்சியற்ற வளர்ப்பு நாய்களில் பல அந்த நேரத்தில் பின்வாங்கி நின்று குரைக்கும். சில கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்ளும். அதைக் கோழைத்தனம் என்று குறைசொல்வது நியாயமில்லை. மேலும், நாய்க்குத் தெரிந்தவர், தெரியாதவர் என்ற இரண்டு வகைதான் உண்டு. திருடர் என்று மூன்றாவது வகை கிடையாது. வீட்டில் வந்துபோய்ப் பழகியவர் நள்ளிரவில் மதிலேறிக் குதித்தாலும் அது வாலாட்டி வரவேற்கவே வாய்ப்பு அதிகம்.

குரைப்பு எல்லாம் ஒன்றுபோல இருப்பதில்லை. ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரிலுள்ள ஏத்வேஷ் லோராண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், முடி என்ற மேய்ச்சல் இன நாய்களின் குரைப்புகளைப் பல சூழல்களில் பதிவுசெய்து மனிதர்களுக்குப் போட்டுக் காட்டி, 2005-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கேட்டவர்கள் ஓரளவு சரியாகவே சூழலைப் பிரித்தறிந்தார்கள். அந்நியரைக் கண்டு எழும் குரைப்பு கனத்த குரலில், இடைவெளியின்றி அடுத்தடுத்து வரும். தனியே கட்டிப்போடப்பட்ட நாயின் குரைப்பு கீச்சென்று, விட்டுவிட்டு வரும். உங்கள் நாயின் குரலில் இந்த வேறுபாட்டைப் பழகிக்கொள்வது, புதிய பூட்டு வாங்குவதற்குச் சற்றும் குறையாத பயனைத் தரும்.

இனத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். லாப்ரடார், வேட்டையில் விழுந்த பறவையை எடுத்துவந்து மனிதர் கையில் கொடுப்பதற்காக உருவாக்கப்பட்ட இனம். புதியவரிடமும் அது நட்பாகப் பழகுவது இயல்பே. நம் ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை நாய்களும், தெருவில் பிறந்து வீட்டில் வளர்ந்த நாட்டு நாய்களும் எச்சரிக்கை உணர்வு மிக்கவை. நம் வெயிலைத் தாங்குபவை. ராஜபாளையத்தை வாங்க விரும்புவோர் மட்டும் ஒன்றைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். பால் வெள்ளை நிறத்துக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து இனப்பெருக்கம் செய்யப்பட்டதால், இந்த இனத்தில் பிறவிச் செவிட்டுத்தன்மை காணப்படுகிறது. தோலுக்கு நிறம் தரும் அணுக்கள் உட்செவியிலும் இருக்க வேண்டும். அவை அங்கே இல்லாதபோது, பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் நரம்பணுக்கள் சிதைந்துபோகின்றன. கூடப் பிறந்த குட்டிகளைப் பார்த்து அவற்றோடு சேர்ந்து ஓடிவருவதால், செவிட்டுக் குட்டி கூட்டத்தில் இருக்கும்போது குறை தெரியாது. ஆறு வார வயதுக்குப் பின், குட்டியைத் தனியே பிரித்து, அது பார்க்காத திசையிலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்கிப் பாருங்கள். தரையைத் தட்டினால் அதிர்வை உணர்ந்து திரும்பிவிடும் என்பதால் அப்படிச் சோதிக்கக் கூடாது. ஒரு காது மட்டும் கேட்காத குட்டி, ஒலி வந்த திசையை விட்டு வேறு திசையில் தேடும். காது கேளாத நாயையும் அன்போடு வளர்க்கலாம். காவலுக்கென்று நம்பி வாங்குவதுதான் கூடாது.

நாய் எந்த இனமாக இருந்தாலும், பல வீடுகளில் அதன் காவலைக் கெடுப்பது சங்கிலிதான். கொல்லைப்புறத்தில் நாள் முழுவதும் கட்டிக்கிடக்கும் நாய் பூனைக்கும் குரைக்கும், காற்றில் ஆடும் பாலித்தீன் பைக்கும் குரைக்கும். பத்தாவது நாளில் வீட்டார் அதன் குரலைக் கேட்பதையே விட்டுவிடுவார்கள். அதன் பின் உண்மையிலேயே ஆள் வந்தாலும் எவரும் எழுந்திருக்க மாட்டார்கள். நியாயமற்ற அளவுக்குக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் விலங்கை நெடுநேரம் கட்டிவைப்பதும், வழக்கமாகக் கட்டியே வைத்திருக்கும் நாய்க்கு நடமாட்டம் தராமல் விடுவதும் 1960-ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி குற்றங்கள் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

இதைவிடக் கவலை தருவது, கோபத்தை ஊட்டி வளர்க்கும் பழக்கம். பச்சை இறைச்சி போட்டால் வெறி ஏறும், இருட்டறையில் அடைத்தால் வீரம் வரும், யாரிடமும் பழகவிடாமல் வைத்தால்தான் காவல் காக்கும் என்றெல்லாம் இன்றும் நம்புகிறார்கள். குட்டி பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ பதினான்காவது வாரம் வரையிலான காலத்தில்தான் மனிதர்களையும் ஓசைகளையும் இயல்பானவை என்று அது கற்றுக்கொள்கிறது. அப்போது அடைத்துவைக்கப்பட்ட நாய் வளர்ந்தபின் எதைக் கண்டாலும் அஞ்சும். அஞ்சும் நாயே முன்னறிவிப்பின்றிக் கடிக்கும். அதன் பல் திருடர்மீது பதிவதைவிட, வீட்டுப் பேரப்பிள்ளைமீதோ பால் கொண்டுவருபவர்மீதோ பதியவே வாய்ப்பு மிகுதி. 2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கத்தில் மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் குதறியதை மறந்திருக்க மாட்டோம். தம் வசமுள்ள விலங்கால் பிறருக்கு ஆபத்து நேராதபடி காக்கத் தவறினால், நாட்டின் குற்றவியல் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவின்கீழ் ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். காவல் நாய்க்கு மூன்று மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி தொடங்கி, மருத்துவர் சொல்லும் முறைப்படி ஆண்டுதோறும் தொடர வேண்டும். எந்த நாய் கடித்தாலும் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இரவில் நாயை எங்கே படுக்கவைப்பது? வீட்டுக்குள், வாசற்கதவுக்கு அருகே என்பதே என் பரிந்துரை. குரல் படுக்கையறைக்கு எட்டும். மதிலுக்கு வெளியிலிருந்து எறியப்படும் இறைச்சித் துண்டும் அதற்கு எட்டாது. குருணை மருந்தோ (வயலுக்கு இடும் குருணை வடிவப் பூச்சிக்கொல்லி) எலி மருந்தோ தடவிய இறைச்சியைத் தின்றுவிட்டு வரும் நாய்களைச் சிகிச்சையறையில் பார்க்கும் எவருக்கும் இது மிகையான எச்சரிக்கையாகத் தோன்றாது. தன் தட்டில் வைத்ததை மட்டும், அதுவும் அனுமதி கிடைத்த பிறகே உண்ணும்படி குட்டியிலிருந்தே பழக்குங்கள். வாயில் நுரையாக எச்சில் வழிவது, கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்குவது, உடல் நடுங்குவது, வயிற்றுப்போக்கு ஆகியவை குருணை மருந்தின் அடையாளங்கள். நேரத்தோடு வந்தால் அட்ரோபின் ஊசியால் பல நாய்களைக் காப்பாற்ற முடிகிறது. உப்புக் கரைசலையோ எண்ணெயையோ வாயில் ஊற்றாதீர்கள்; வலிப்பில் இருக்கும் நாய்க்கு அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். வாந்தியையோ மீந்த இறைச்சியையோ கையுறை அணிந்து ஒரு பையில் எடுத்துக்கொண்டு, வழியிலேயே மருத்துவருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு வாருங்கள்.