புரட்டாசி ஆர்டரை நம்பி நிலத்தைக் கெடுக்காதீர்கள்

போன வாரம், இங்கே தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே இருக்கும் வெருலம் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒரு கத்தரிச் செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் முழுக்க முடிச்சு முடிச்சாக, இஞ்சி மாதிரி வீங்கிக் கிடந்தது. "மத்தியானம் வாடுது, சாயங்காலம் நிமிர்ந்துடுது அண்ணா. வெயில்தானேன்னு தண்ணி கூடவே விட்டோம்" என்றார் அந்த வீட்டு மூத்த மகன். வெயில் என்ன செய்யும்? இது வேர்முடிச்சு நூற்புழு, மண்ணிலிருந்து வேருக்குள் புகும், கண்ணுக்குத் தெரியாத புழு. இந்த மே மாதத்தில் மட்டும் நான் பார்த்த மூன்றாவது தோட்டம் இது. மூன்றிலும் நடந்தது ஒன்றேதான். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

இந்த வெருலம் தோட்டம் நாலு ஹெக்டேர் நிலம். அம்மா, இரண்டு மகன்கள், கூலிக்கு மூன்று பேர். கத்தரி, பீன்ஸ், மதும்பி (சேப்பங்கிழங்கு வகை), கொஞ்சம் கொத்தமல்லி, வேலியோரம் கறிவேப்பிலை என்று போட்டு வந்தார்கள். ஒரு துண்டு நிலம் எப்போதும் ஓய்வில் கிடக்கும். போன புரட்டாசியில் டர்பன் பக்கம் வீட்டுக்கு வீடு கவிச்சி நிறுத்தியதும் கத்தரிக்காய்க்கு நல்ல கிராக்கி. கடைகளிலிருந்து போன் மேல் போன். ஒரு கடைக்காரர், வருஷம் முழுக்க இதே அளவு எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், மதும்பி போட்ட இடம், ஓய்வு நிலம், எல்லாம் கத்தரி ஆகிவிட்டது. பறித்து முடித்த இடத்திலேயே மறுபடியும் கத்தரி. கடலோர மணற்பாங்கான மண், குளிர்காலத்திலும் உறைபனி இல்லாத ஊர். நூற்புழு பெருகாமல் என்ன செய்யும்?

நான் போகிற இடத்தில் எல்லாம் ஒரே பேச்சுதான்: "இல்லேன்னு சொன்னா கஸ்டமர் போயிடுவாங்க." இருபது வருஷத்துக்கு மேல் தோட்டம் தோட்டமாக அலைகிறேன், சொல்கிறேன் கேளுங்கள். நாற்பது பெட்டி தருகிறேன் என்று ஒத்துக்கொண்டு, விடிந்ததும் இருபத்தைந்தை இறக்கினால் கஸ்டமர் போய்விடுவார். குறைகிற பதினைந்தைக் கிளேர்வுட் மார்க்கெட்டில் வாங்கி, நம்ம தோட்டத்துக் காய் என்று கொடுத்தால் போய்விடுவார். அது ஒருநாள் தெரியத்தான் செய்யும். முற்றிய காயை அடியில் போட்டு மறைத்தால் போய்விடுவார். ஆனால் பத்து நாள் முன்னாலேயே போன் போட்டு, "இந்த வாரம் இருபத்தைந்துதான் வரும், பாக்கிக்கு வேறு ஏற்பாடு பண்ணிக்கொள்ளுங்கள்" என்று சொன்னவரிடமிருந்து கடைக்காரர் விலகிப் போய் நான் பார்த்ததில்லை. கோபப்படுவார், அடுத்த வாரமும் கூப்பிடுவார். கடைக்காரருக்குப் பயம் காலி ரேக்கைப் பார்த்துத்தான், குறைந்த அளவைப் பார்த்து இல்லை. முன்கூட்டியே தெரிந்தால் அவர் வேறு இடத்தில் வாங்கிக்கொள்வார்.

அதோடு, புரட்டாசி வியாபாரத்தை வைத்து வருஷத்தைக் கணக்குப் போடாதீர்கள். ஐப்பசி பிறந்த அன்றே மீன் கடையில் வரிசை நிற்கிறது. நம் ஊரில் புரட்டாசி எப்போது வருகிறது என்றும் பாருங்கள்: செப்டம்பர் நடுவில். மழையில்லாத குளிர்காலம் முடிகிற சமயம், கிணறும் ஓடையும் அடிமட்டத்தில் இருக்கும். கோடைப் பயிர் இன்னும் காய்க்கத் தொடங்கியிருக்காது. கிராக்கி அதிகமாக இருக்கும்போதுதான் நிலம் குறைவாகத் தரும். கத்தரி நட்டால் முதல் பறிப்புக்கு எழுபது நாளாவது வேண்டும், குளிரில் இன்னும் இழுக்கும். ஆவணியில் வந்த ஆர்டருக்கு ஆவணியில் நாற்று வாங்கி என்ன பிரயோஜனம்?

பணக் கணக்கை யாரும் பார்ப்பதில்லை, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். பெரிய கடை அறுபது நாள் கழித்துப் பணம் தரும். கூலி வெள்ளிக்கிழமைதோறும் கொடுக்க வேண்டும். வாரம் பத்தாயிரம் ராண்டுக்குச் சரக்கு அனுப்புகிறீர்கள் என்றால், முதல் பணம் கைக்கு வரும் முன் எண்பதாயிரத்துக்கு மேல் உங்கள் சரக்கு கடன் நிற்கும். ஆர்டர் கூடக் கூட அந்தக் கடனும் கூடும். நாற்று, உரம், டீசல் எல்லாம் ரொக்கம். அந்த அம்மா கழுத்துச் சங்கிலியை அடகு வைத்தது இதற்குத்தான்.

நம் தாத்தா பாட்டிமார் கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடிந்து, துண்டு நிலம் குத்தகைக்கு எடுத்து, காய்கறிக் கூடையைத் தலையில் வைத்து வீடு வீடாக விற்றவர்கள். டர்பனில் கேட்டோ மேனர் பகுதியில் அப்படி உருவான தோட்டங்களிலிருந்து 1950ஆம் ஆண்டின் இனவாரிக் குடியிருப்புச் சட்டம் அவர்களைக் கிளப்பிவிட்டது. இன்று கையில் இருக்கும் நாலு ஹெக்டேர் அதையெல்லாம் தாண்டி மிஞ்சியது. கெட்டுப்போனால் பக்கத்தில் இன்னொன்று வாங்க முடியாது.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மூன்று வருஷம் சராசரியாக எவ்வளவு விளைந்தது என்று நோட்டில் எழுதுங்கள். அதில் நாலில் மூன்று பங்குக்கு மட்டும் வாக்குக் கொடுங்கள், மீதியை வந்த பிறகு விற்கலாம். ஒரே கடைக்குப் பாதிக்கு மேல் போக விடாதீர்கள். பெருக்க ஆசையா, ஒரு பருவத்துக்கு ஒரு பாத்தி மட்டும் கூட்டிப் பாருங்கள். கத்தரிக்குப் பின் தக்காளி, மிளகாய், வெண்டை போட்டுவிட்டுப் பயிர் மாற்றினேன் என்று சொல்லாதீர்கள். இதே புழு எல்லாவற்றையும் தின்னும், பீன்ஸையும் விடாது. இந்தப் புழுவை அடக்கும் சணப்பையோ துலுக்கச் சாமந்தியோ போட்டு, மண்ணோடு சேர்த்து உழுதுவிடுங்கள்.

பூச்சிமருந்து விஷயத்தில் கெஞ்சிக் கேட்கிறேன். தெளித்த பிறகு எத்தனை நாள் கழித்துப் பறிக்க வேண்டும் என்பது டப்பாவில் அச்சிட்டிருக்கிறது. உரம், பூச்சிமருந்து பற்றிய 1947ஆம் ஆண்டின் 36ஆம் எண் சட்டப்படி அதை மீறுவது குற்றம். லாரி வந்து நிற்கிறது என்று நேற்றுத் தெளித்ததை இன்று பறிக்காதீர்கள். அது யாரோ ஒரு விரதக்காரர் வீட்டு உலையில்தான் போகிறது.

அந்தத் தோட்டத்தில் பாதியை இப்போது சணப்பைக்கு விட்டாகிவிட்டது. வரும் புரட்டாசிக்கு அங்கே கத்தரி குறைவாகத்தான் இருக்கும். "யார்கிட்ட முதல்ல சொல்றது தம்பி?" என்று கேட்டார் அந்த அம்மா. வருஷம் முழுக்க எடுத்துக்கொள்கிறேன் என்றவரிடம்தான் என்றேன். என் எதிரிலேயே போன் போட்டார்.

புரட்டாசிக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது. நாற்றுக்கு முன்பணம் கட்டும் முன் ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். முடிச்சு இருந்தால் கூப்பிடுங்கள், சனிக்கிழமைகளில் டொங்காட், வெருலம் பக்கம்தான் இருப்பேன்.